நான் போகாத பங்களா

விருத்தாசலத்தில் அந்த நடிகரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவர்கள் குறைவு. அண்ணன் என்றால் அவர்தான். இத்தனைக்கும் அவர் கதாநாயகன்கூடக் கிடையாது. கதாநாயகிக்கு அண்ணனாக வருவார். தங்கை கல்யாணத்துக்காக நிலத்தை விற்பார், செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போவார், இடைவேளைக்குப் பிறகு இருமத் தொடங்குவார், கடைசியில் தங்கை மடியில் தலை வைத்துச் செத்துப்போவார். கொட்டகையில் பெண்கள் பக்கத்து மணல் நனைந்துவிட்டது என்று ஆண்கள் கேலி பேசுவார்கள். நனைத்தவர்களில் நான் முதல் ஆள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத ஒற்றைப் பெண் நான். அந்தக் குறையை அந்த மனிதரை வைத்துத் தீர்த்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது. அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், ஜங்ஷன் பக்கம் குவார்ட்டர்ஸ். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளைப் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மை காய்ந்ததும் பிசிறு சுரண்டித் துடைக்க வேண்டும். சூளையில் வெந்து வந்ததும் வர்ணம் தீட்ட வேண்டும். கண், புருவம், உதடு எல்லாம் என் கை. சூளைக்கு அனுப்பும் முன் ஒவ்வொருத்தியும் பொம்மையின் அடியில் ஊசியால் தன் குறியைக் கீறிவிடுவோம். கோணலாகிப்போனால் யார் வேலை என்று தெரிய வேண்டுமே. என் குறி மூன்று சின்னக் கோடுகள். அந்தக் குறிக்காக நான் வாங்கிய திட்டுகளும் உண்டு, பாராட்டுகளும் உண்டு.

எனக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு பெண் இருந்தாள். ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். சட்டி பானை செய்யும் குடும்பம். களிமண்ணை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தே இது வெடிக்கும், இது வெடிக்காது என்று சொல்லிவிடுவாள். மேஸ்திரியே அவளிடம் கேட்பார். சினிமா என்றால் அவளுக்கு அவ்வளவு ஒட்டாது. "பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்குக்கா அழுவுறீங்க?" என்பாள். உனக்கு இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள், உனக்கு எப்படித் தெரியும் என்று நான் சண்டைக்குப் போவேன்.

அந்த வருஷம் மாசி மகத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காக அந்த நடிகரின் நாடகம் எங்கள் ஊரில் நடப்பதாக ஏற்பாடாயிற்று. ஊருக்கு வெளியே ஒரு அரிசி மில்காரரின் பங்களாவில் தங்குகிறார் என்றார்கள். ரசிகர் மன்றச் செயலாளர் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் கம்பெனிக்கு வந்து, அண்ணனுக்கு நம்ம ஊர் சார்பாக ஒரு பொம்மை கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார். தங்கை தலையில் அண்ணன் கை வைத்து நிற்பது போல ஒரு பொம்மை செய்வது என்று முடிவாயிற்று. நான்தான் தீட்டினேன். அவர் சட்டைக் காலருக்கு மட்டும் ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். "தீட்டுனவளே கொண்டுபோயி குடுக்கட்டும்" என்று முதலாளி சொன்னபோது தரையில் என் கால் பாவவில்லை.

நாடகத்துக்கு முதல் நாள் காலையில் நான் தூரமானேன்.

எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் பின்கட்டு அறைதான். தனித் தட்டு, தனிப் பாய். திருவிழா நேரம் வேறு. அம்மாவிடம் கெஞ்சினேன், அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "ஊரே சாமி பாக்க வந்து நிக்குது, இந்த நேரத்துல நீ வாசப்படி தாண்டுவியா?" என்று அம்மா கேட்டாள். அதோடு முடிந்தது.

பக்கத்துப் பலகைக்காரியை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். அவள் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். நான் எட்ட நின்றபடி, நீ கொண்டுபோய்க் கொடுத்துவிடு, நான் செய்தது என்று மட்டும் சொல்லிவிடு என்றேன்.

"எனக்கு பயமா இருக்குதுக்கா. தனியா எப்பிடிப் போறது? நாலு நாளு கழிச்சு நீங்களே பார்சலு போட்டுடுங்களேன்."

"அண்ணன்கிட்ட போறதுக்கு என்னாடி பயம்? பேய்கிட்டயா அனுப்புறேன்?"

அவள் தயங்கினாள். எனக்குக் கோபம் வந்தது. இந்த உதவிகூடச் செய்ய மாட்டாயா, உன்னை என் தங்கச்சி மாதிரி வைத்திருந்தேனே என்றெல்லாம் பேசினேன். அவள் பொம்மையை வாங்கிக்கொண்டு போனாள். அவளை அனுப்பியவள் நான். இதை எப்படிச் சொன்னாலும் மாற்றிச் சொல்ல முடியாது.

நாடகத்தன்று மேடையில் கூட்டம் ஏறி ஒரே தள்ளுமுள்ளாகிப் பரிசு கொடுக்கவே முடியவில்லையாம். மறுநாள் காலையில் பங்களாவுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். யார் கொண்டுபோனது என்று ஊரில் பார்த்தவர்கள் இல்லை.

நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததுமே சூழ்ந்துகொண்டார்கள். "என்னாடி, அண்ணன பாத்தியா? என்னா சொன்னாரு?" மேஸ்திரியும் சிரித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளை எதிரில் நான் ஏன் போகவில்லை என்பதை எப்படிச் சொல்வது? அது மட்டும் காரணம் என்றால் பொய். போகவில்லை என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. "பாத்தேன்" என்று வந்துவிட்டது. ஆரம்பித்த பிறகு அது தானாக வளர்ந்தது. வாம்மா தங்கச்சி என்று கூப்பிட்டார். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். தலையில் கை வைத்து, நல்லா இருக்கணும் என்றார். நான் பார்த்த படங்களிலெல்லாம் அவர் என்ன செய்தாரோ அதையே எனக்கும் செய்ததாகச் சொன்னேன்.

சொல்லிக்கொண்டே பக்கத்துப் பலகையைப் பார்த்தேன். காட்டிக்கொடுத்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் நிமிரவில்லை. தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "ஆமா, அக்காதான் போனாங்க" என்றாள். தங்கமான பெண், என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அன்றைக்கு அவளுக்கு என் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு இட்லி எடுத்து வைத்தேன். அவள் சாப்பிடவில்லை.

மன்றத்தார் அதே பொம்மையில் இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து தீட்டினோம். தங்கையை அவள் முழுசாகத் தீட்டுவாள், அண்ணனுடைய வேட்டி சட்டைகூடத் தீட்டுவாள். தலைமேல் இருக்கும் அந்தக் கையை மட்டும் தொட மாட்டாள். "கையி மட்டும் நீங்க போட்டுடுங்கக்கா" என்று என் பக்கம் தள்ளிவிடுவாள். விரலுக்கு விரல் கோடு போடச் சோம்பல்படுகிறாள் என்று மேஸ்திரியிடம் சொல்லிச் சிரித்தேன். நான் சிரித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

நாலைந்து மாதம் போயிருக்கும். மெட்ராஸில் சின்னச் சின்ன வேஷம் போடும் ஒரு நடிகை, அந்த நடிகர் தன்னை வீட்டுக்கு வரவழைத்துப் பலாத்காரம் செய்துவிட்டதாகப் போலீஸில் புகார் கொடுத்தாள். பேப்பரில் வந்தது. எங்கள் ஊர் கொதித்தது. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அந்தப் பேப்பரைப் போட்டுக் கொளுத்தினார்கள். சலூன்காரர் அண்ணன் படத்துக்குப் புது மாலை போட்டார். கொட்டகைக்காரர் சமயம் பார்த்து அவருடைய பழைய படத்தை மறுபடி ஓட்டினார். முன்னைவிடக் கூட்டம். மடியில் தலை வைத்துச் சாகும் இடத்தில் பெண்கள் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். குழாயடியில் அந்த மெட்ராஸ்காரியைத் திட்டிய வார்த்தைகளை எழுதக் கை வரவில்லை. ஆண்கள் திட்டியதைவிடப் பெண்கள் திட்டியது அதிகம். என் குரலும் அதில் இருந்தது. "கூத்தாடப் போனவளுக்கு மானம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டவள் நான்தான். எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சு. நான் என் பங்களாக் கதையை மறுபடி அவிழ்த்துவிட்டேன். என்னைத் தனியாகப் பார்த்தாரே, ஒரு பார்வை தப்பாகப் பார்த்தாரா, சொல்லுங்கள் என்றேன்.

பக்கத்துப் பலகைக்காரி டிபன் பாக்ஸை மூடினாள். "அந்தப் பொம்பள பொய் சொல்லல. எனக்கும் நடந்துச்சு" என்றாள்.

ஒருத்தி சிரித்தேவிட்டாள். "உனக்கா? நீ எங்கடி அவர பாத்த?"

"பங்களாவுல. பொம்மை குடுக்கப் போனப்ப. அக்கா போவல. நான்தான் போனேன். கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தூரிகை கழுவவில்லை என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போனேன். தொட்டியில் தண்ணீர் மொண்டு, கழுவிய தூரிகையையே திரும்பத் திரும்பக் கழுவினேன். அவள் பங்களாவுக்குப் போனது எனக்குத் தெரியும். போன இடத்தில் ஒன்றும் நடந்திருக்காது, ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை மட்டும் அவள் தீட்டாதது ஞாபகத்துக்கு வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி அறையில் விசாரணை வைத்தார்கள். முதலாளி, மன்றச் செயலாளர், அவள், அவளுடைய அப்பா, என் அப்பா, அம்மா, நான். செயலாளர்தான் முதலில் பேசினார். "நான்தானேங்க சைக்கிள்ல முன்னாடி போயி வழி காட்டுனேன். இதோ இந்தப் பொண்ணதான் கூட்டிகிட்டுப் போனேன்" என்று என்னைக் காட்டினார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நான் போகவில்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர். அவர்தான் அவளை உள்ளே அனுப்பிவிட்டுப் பங்களா வாசலுக்கு வெளியே நின்றவர். என் பொய் அவருக்கு எவ்வளவு வசதியாக அமைந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதுக்கு மேல சாட்சி வேணுமின்னா பொம்மைய பாருங்க. அண்ணன் வூட்டு அலமாரியில இருக்குது. அடியில இந்தப் பொண்ணோட மூணு கோடு இருக்குது. அவ குறி இல்ல" என்றார்.

முதலாளி தலையாட்டினார். என் அப்பா தலையாட்டினார். செய்தவளின் குறி எப்படிக் கொண்டுபோனவளின் குறியாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் கம்பெனியில் அடியில் யார் குறியோ அவள்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அது அப்படியே பழகிப்போயிருந்தது.

"நீ போனியா இல்லியாம்மா? ஒரே வார்த்தை" என்று முதலாளி என்னிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "சொல்லுங்கக்கா. அன்னிக்கு நீங்க உங்க வூட்ல எந்த ரூம்புல இருந்தீங்க? அத மட்டும் சொல்லுங்க." ஏன் அந்த அறையில் இருந்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் பக்கம் பேச்சு எடுபட்டிருக்கும். அத்தனை ஆண்கள் நடுவில் என் வெட்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்கு அந்த நேரத்திலும் தோன்றியிருக்கிறது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். மூன்று நாளும் எனக்கு எட்ட நின்று சோறு போட்டவள் அவள். "எம்பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்றார் அப்பா. அந்த மூன்று நாளும் பின்கட்டுப் பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு போனவர் அவர்.

"நான்தான் போனேன்" என்றேன்.

செயலாளர் தயாராக எழுதிக்கொண்டு வந்திருந்த தாளை நீட்டினார். நான் தனியாகச் சென்று சந்தித்தேன், என்னை உடன்பிறந்த தங்கையாக நடத்தினார் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. நடுங்கியதாகப் பிற்பாடு பல முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், நடுங்கவே இல்லை.

அவளுடைய அப்பா அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அவள் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று முதலாளியும் சொல்லியனுப்பிவிட்டார்.

என் கையெழுத்தும் போட்டோவும் ஒரு சினிமாப் பத்திரிகையில் வந்தன. அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல? பெண்கள் குவார்ட்டர்ஸைத் தேடிவந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். அண்ணன் கை வைத்த தலையாம். ஒருத்தி தன் கைக்குழந்தையின் உள்ளங்கையை என் வகிட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். மெட்ராஸ் நடிகையின் வழக்கு என்ன ஆயிற்று என்று எந்தப் பேப்பரும் பிறகு எழுதவில்லை. மன்றத்தார் பொம்மைகளைக் கூடை கூடையாகக் கேட்டார்கள். இப்போது கைகளை எல்லாம் நானே தீட்ட வேண்டியிருந்தது.

அப்படித் தீட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் என்னால் அதற்கு மேல் ஒதுக்க முடியவில்லை. தங்கையின் தலைமேல் அந்த ஐந்து விரல்களுக்கும் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். அவன் செய்திருக்கிறான் என்று மனசு தெளிவாகச் சொன்னது. அன்றைக்குத்தான் அவர் எனக்கு அவன் ஆனார். கழிவறைக்குள் போய் அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் வெட்கக்கேடு. எனக்காகத்தான். என் அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டானே, நான் சிந்திய கண்ணீரையெல்லாம் கேவலப்படுத்திவிட்டானே என்று அழுதேன். அவளுக்காக அழ எனக்கு இன்னும் ஒரு வருஷம் தேவைப்பட்டது.

அந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் எனக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சேத்தியாத்தோப்புப் பக்கம், ரேஷன் கடையில் வேலை. நல்ல மனிதர்தான். ஒரே ஒரு பழக்கம். யார் வந்தாலும் சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தப் பத்திரிகைப் பக்கத்தைக் காட்டி என் கதையைச் சொல்லுவார். என்னைவிட அழகாகச் சொல்லுவார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சந்தை நாள். சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்தில் விருத்தாசலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். என் கணவர் சோடா வாங்கப் போனார். ரோட்டோரம் வைக்கோல் பரப்பிச் சட்டிகளை அடுக்கி வைத்து ஒருத்தி உரக்க விலை பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சட்டியைத் தட்டிக் காட்டி, "ஓட்டை இருந்தா திருப்பிக் கொண்டாங்க, நான் எங்கயும் ஓடிப்போவ மாட்டேன்" என்று அவள் சொன்னபோதுதான் குரல் அடையாளம் தெரிந்தது. கழுத்தில் தாலி இருந்தது. இரண்டு பிள்ளைகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தன. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

"எப்படி இருக்குற?" என்றேன்.

"இருக்குறேங்க."

அக்கா என்ற வார்த்தையை அவள் விட்டுவிட்டாள் என்று உடனே கவனித்தேன். என்னை மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "அந்த ஆளு இப்பிடிப் பண்ணுவான்னு அன்னிக்கு எனக்கும் தெரியாது..." என்று ஏதோ உளறினேன்.

"அவன வுடுங்க. அவன் யாரோ. எனக்கு அவன் படம்கூட புடிக்காது" என்றாள். வைக்கோலைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "உங்கள நான் தெனமும் பாத்தேன். உங்க பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சுதான் நான் வாய தொறந்தேன்."

அதற்குள் என் கணவர் சோடாவோடு வந்துவிட்டார். தெரிந்தவளா என்று கேட்டார். கூட வேலை செய்த பெண் என்றேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே! அந்த நடிகர் இவ தலையில கைய வெச்சு..." என்று ஆரம்பித்துவிட்டார். நடுரோட்டில் நின்று முழுசாகச் சொன்னார். வாம்மா தங்கச்சியிலிருந்து நல்லா இருக்கணும் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. நான் சோடா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். "தெரியுங்க. நானும் கேட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சட்டி கேட்டு வந்த இன்னொருத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் அவரிடம் சொன்னேன். நான் அந்தப் பங்களாவுக்குப் போகவே இல்லை, அன்றைக்கு நான் தூரம், அவள்தான் போனாள், அவளுக்குத்தான் அது நடந்தது என்று, பக்கத்து சீட்டுக்குக் கேட்டுவிடாதபடி மெதுவாக, ஆனால் ஒன்றும் விடாமல் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை.

"இப்ப யாரு கேட்டா உன்ன?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். யாரும் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டார்கள், ஒரே வார்த்தை போதும் என்றார்கள், அப்போது அவள் என் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள்.